ராசாத்தி பாட்டி வீடு: வளைகாப்புக்கு முந்தைய புதன்

புதன், காலை 5.50

விமலா: ஞாயிறு பிரியா வளைகாப்புக்கு வேன் சொல்ல வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றைக்குள் சொல்லிவிடுங்கள்.

ரவி: 14 சீட்டா, 18 சீட்டா?

விமலா: அதற்குத்தானே கேட்கிறேன்.

கதிர்: பெரிய மாமா, போன் அடித்தேன், எடுக்கவில்லை. பார்த்ததும் கூப்பிடுங்கள்.

சரோஜா: மாமா வாக்கிங் போயிருக்கிறார்ப்பா. போன் இங்கே சார்ஜில் கிடக்கிறது. என்ன விஷயம்?

கதிர்: எங்கள் மின் நிலையப் பிளான்ட்டில் எண்ணெய் கொட்டிவிட்டது அத்தை.

விமலா: என்னது? உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பாபு: [பலமுறை பகிரப்பட்ட வீடியோ] மின் நிலையத்தில் எண்ணெய் டேங்க் வெடித்தது. எல்லோருக்கும் பகிரவும்.

விமலா: ஐயோ முருகா. கதிர் போனை எடு.

கதிர்: அம்மா, அது நம் ஊரே இல்லை. பின்னால் பனிமலை தெரிகிறது பாருங்கள். இங்கே தீயும் இல்லை, வெடிப்பும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

பிரியா: பாபு அத்தான், விடியற்காலையில் அம்மாவுக்கு இதை ஏன் அனுப்புகிறீர்கள்?

பாபு: கத்தாரில் எல்லா குரூப்பிலும் ஓடுகிறது. கதிர் எண்ணெய் என்றதும் போட்டுவிட்டேன்.

கதிர்: [படம்]

கதிர்: நாலரை மணிக்கு ஃபர்னஸ் ஆயில், அதான் கொதிகலனில் எரிக்கிற கெட்டி எண்ணெய், டேங்கரில் வந்தது. இறக்கும்போது ஹோஸ் இணைப்பில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் வளையம் விட்டுவிட்டது. டேங்கர் வால்வை மூடிப் பம்பையும் நிறுத்திவிட்டேன். அதற்குள் தரையில் போய்விட்டது. கொட்டினால் கேட்ச் பிட்டுக்குள்தான் விழ வேண்டும். அந்தப் பிட்டில் போன வாரத்து மழைத்தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது. எண்ணெய் அதன் மேலேயே வழிந்து மழைநீர் வாய்க்கால் பக்கம் போகிறது. இரண்டு மணல் மூட்டை போட்டுத் தடுத்திருக்கிறேன்.

ரவி: எவ்வளவு?

கதிர்: சூப்பர்வைசர் இரண்டு வாளி என்கிறார். எனக்கு அதிகமாகத் தெரிகிறது. தீயணைப்பு ஹைட்ரண்ட் குழாயைத் திறந்து தண்ணீர் அடித்துக் கழுவு, இன்ஜினியர் வருவதற்குள் முடித்துவிடு, ஷிப்ட் பதிவேட்டில், அந்த லாக் புக்கில், ஏற்ற வேண்டாம் என்கிறார்.

ரவி: சர்ஃப் போட்டுக் கழுவினால் சுத்தமாகப் போய்விடும்.

மல்லிகா: கழுவாதே கதிர்.

மல்லிகா: மாமா வரட்டும், அதுவரை தண்ணீர் திறக்காதே.

விமலா: மல்லி, அவன் காண்டிராக்ட் வேலை. மேலே இருப்பவர் சொன்னதைத்தானே செய்ய முடியும்?

காலை 6.20

செல்வம்: இப்போதுதான் பார்த்தேன். கதிர், நீ வால்வை மூடியதும் வாய்க்காலைத் தடுத்ததும் சரியான வேலை. தண்ணீர் அடிக்கவே கூடாது. சோப்பும் கூடாது. சோப்பு போட்டால் எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதே தவிர எங்கும் போயிருக்காது. அப்புறம் அதை மேலாக வழித்தெடுக்கவும் முடியாது.

செல்வம்: அந்தப் படத்தைக் குரூப்பிலிருந்து எடு. பிளான்ட் படம் வெளியே போனால் உன்மேல்தான் பாயும். ஷிப்ட் இன்சார்ஜிடம் காட்டு, போதும்.

கதிர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம்: முதலில் இன்சார்ஜுக்கு போன் செய்தாயா?

கதிர்: இல்லை மாமா. சூப்பர்வைசர் நானே பேசிக்கொள்கிறேன் என்றார்.

செல்வம்: அவர் பேசட்டும், நீயும் பேசு. இப்போதே. பேசிவிட்டு வா.

விமலா: அண்ணா, கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். எழுதி வைத்தால் நாளைக்குக் கேட்டில் பாஸ் தர மாட்டார்கள்.

செல்வம்: விமலா, எழுதாமல் கழுவிவிட்டு, அந்த எண்ணெய் பத்து மணிக்கு வெளி வாய்க்காலில் மிதந்தால் யாரைக் கேட்பார்கள்? ராத்திரி ஷிப்டில் இருந்தவனைத்தான். அப்போது அவன் கையில் என்ன இருக்கும்?

சரோஜா: டிபன் ஆறுகிறது. தட்டச்சு செய்துகொண்டே நிற்கிறார்.

கதிர்: பேசிவிட்டேன். இன்சார்ஜ் அரை மணியில் வருகிறார். அதுவரை தொடாதே என்றார்.

செல்வம்: தொடாமல் இருக்க முடியாது, மழை வருகிறது. அவரிடம் கேட்டுக்கொண்டு அள்ள ஆரம்பி. ஃபர்னஸ் ஆயில் சூடாக இருக்கும்போதுதான் ஓடும். தரையில் ஆறிவிட்டால் கெட்டியாகிவிடும், தகட்டால் வழித்து டிரம்மில் போடலாம். எடுத்த எடுப்பில் மரத்தூளைக் கொட்டாதே. குட்டையாக நிற்பதை அள்ளிய பிறகு, மிச்சம் ஒட்டியிருக்கிற பூச்சுக்குத்தான் மரத்தூள். அம்மா சமையலறையில் நல்லெண்ணெய் சிந்தினால் கோதுமை மாவு தூவுவாளே, அதே வேலைதான். ஆனால் குட்டை மேல் தூவினால் எண்ணெயைவிட இரண்டு மடங்கு கழிவு சேரும்.

ரவி: அம்மா மாவை வீணாக்குகிறாய் என்று அப்பாவிடம் திட்டு வாங்கியது நினைவிருக்கிறதா?

மல்லிகா: அது மாவு இல்லை, தவிடு.

ரவி: மாவுதான்.

பிரியா: கதிர், கையுறை போட்டுக்கொள்.

கதிர்: போட்டிருக்கிறேன் அக்கா. ஷூ தரையோடு ஒட்டிக்கொண்டு, தூக்கும்போது சப்பென்று வருகிறது. கேஸ்கெட் ஒரு பக்கம் கடித்த மாதிரி கிழிந்திருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

செல்வம்: நல்ல காரியம். தூக்கிப் போட்டுவிடாதே.

விமலா: தீப்பிடிக்காதா அது?

செல்வம்: ஃபர்னஸ் ஆயில் பெட்ரோல் மாதிரி இல்லை. 66 டிகிரிக்கு மேல் சூடானால்தான் நெருப்பு பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். ஆனால் பம்ப் பக்கம் சூடுபடுத்தியிருப்பார்கள். அதனால் வெல்டிங், கட்டிங் எதுவும் பக்கத்தில் வேண்டாம். கதிர், அதைச் சொல்லி நிறுத்து.

கதிர்: சரி மாமா. எவ்வளவு என்று எப்படி எழுத? சூப்பர்வைசர் இரண்டு வாளியையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

செல்வம்: வாளிக் கணக்கு வேண்டாம். அள்ளுவதற்கு முன் நீளம், அகலம் அள. குச்சியை விட்டு ஆழம் பார். நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கனம் என்றால் 24 லிட்டர் ஆகிவிட்டது. பார்வைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பிட்டின் மேல் மிதப்பதையும், வாய்க்காலில் போனதையும் தனித்தனியாக எழுது. தெரியாததற்கு "சுமார்" போடு, குறைத்து மட்டும் எழுதாதே.

பாபு: அப்பா, 24 லிட்டருக்கா இவ்வளவு?

மல்லிகா: பாபு, நீ அங்கே இருக்கிறாய். 2023 மிக்ஜாம் புயலில் இங்கே எங்கள் எண்ணூரில் நடந்தது உனக்குத் தெரியாது.

மல்லிகா: வெள்ளம் வடிவதற்கு முன்னாலேயே மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கறுப்பு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் ஏறியது. படகு, வலை, அலையாத்தி வேர், எல்லாம் கறுப்பு. கூழைக்கடா இறகை விரிக்க முடியாமல் கரையில் நின்றது. உங்கள் மாமாவும் மற்ற ஆண்களும் படகில் போய் வாளியால்தான் அள்ளினார்கள். வலையைக் கழுவிக் கழுவிப் பார்த்துத் தூக்கிப் போட்டோம். மீன் பிடித்தாலும் எண்ணூர் மீனா என்று கேட்டு வாங்க ஆள் இல்லை.

விமலா: அந்த மாசம் முழுக்க மல்லி என் வீட்டில்தான் இருந்தாள்.

மல்லிகா: 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதியதே, அப்போதும் முதல் நாள் எண்ணெய் எதுவும் கொட்டவில்லை என்றுதான் அறிக்கை. அப்புறம் கடற்கரை முழுக்கப் பிள்ளைகள் வாளி வாளியாக அள்ளினார்கள். சின்னது, ஒன்றும் இல்லை என்று யார் சொன்னாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. கதிர், உன் வாய்க்கால் கடைசியில் எங்கே போகிறது?

கதிர்: கடலுக்குத்தான் சித்தி. வழியில் ஓர் உப்பங்கழி இருக்கிறது. காலையில் ஆட்கள் அங்கே இறால் தடவுவார்கள்.

மல்லிகா: அதைச் சொல்லு உன் சூப்பர்வைசரிடம்.

செல்வம்: மெல்லிய எண்ணெய் ஒரு லிட்டர் தண்ணீரில் வானவில் நிறப் படலமாகப் படர்ந்தால் ஏறக்குறைய முக்கால் ஏக்கரை மூடும் பாபு. பெரிய கசிவுக்குக் கடலோரக் காவல் படை வரும், படகு வரும், டிவி வரும். சின்னதுக்கு அந்த ஷிப்டில் நிற்கிற ஆள் மட்டும்தான்.

ரவி: அண்ணா கூட்டம் ஆரம்பித்துவிட்டார். அந்தச் சமையல் மாஸ்டர் ஐந்து வகை சாதத்துக்கு ரேட் சொல்லிவிட்டார். தயிர்சாதத்தையும் சேர்த்து ஐந்தா, தயிர்சாதம் தனியா?

விமலா: சேர்த்துத்தான். சர்க்கரைப் பொங்கல் கட்டாயம் வேண்டும். புளியோதரை நான் வீட்டில் கிளறுகிறேன், அவர் புளிக்காய்ச்சல் சரியில்லை.

பிரியா: எனக்கு எலுமிச்சை சாதம்.

கதிர்: மாமா, தூறல் ஆரம்பித்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் மூட்டைக்கு மேலே வழியுமே?

செல்வம்: வழியும். முழுசாக அடைத்தால் நிற்காது. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பிவிசி குழாயைச் சாய்த்து வை. எண்ணெய் நிற்கிற பக்கம் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே ஆழத்தில் இருக்கட்டும், வெளியேறும் வாய் உயரத்தில் இருக்கட்டும். அடித்தண்ணீர் மட்டும் போகும், மேலே மிதக்கிற எண்ணெய் இந்தப் பக்கமே நிற்கும். நின்றதைக் குவளையால் அள்ளு. கீழே இன்னும் ஓர் இடத்திலும் இதே மாதிரி ஒரு தடுப்பு போடச் சொல். டேங்க் சுற்றுச் சுவரின் வடிகால் வால்வு மூடியிருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடு. மழை நாளில் தண்ணீர் வடியட்டும் என்று திறந்து விட்டுவிட்டு மறந்துவிடுவார்கள்.

கதிர்: போகிறேன்.

விமலா: நனையாதே.

காலை 7.40

சரோஜா: இன்னும் சத்தத்தைக் காணோமே?

விமலா: அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரியா சடங்குக்கு நீங்கள் வராததும் இப்படி ஒரு லாக் புக்கால்தானே?

ரவி: தாய்மாமன் சீர்த்தட்டு அன்றைக்கு நான் ஒருத்தன்தான் தூக்கினேன்.

பிரியா: சின்ன மாமா, விடுங்கள்.

செல்வம்: டிரான்ஸ்பார்மர் அடியில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. கீழே ஜல்லி நிரப்பிய குழி மண் மூடிக் கிடந்தது, உறிஞ்சவில்லை. எழுதினேன். மாற்று ஆள் வரும்வரை இடத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. மறுநாள் விசாரணை வேறு. வர முடியவில்லை விமலா. ஆனால் நான் எழுதிய பிறகுதான் எல்லா டிரான்ஸ்பார்மர் குழியையும் தோண்டிச் சுத்தம் செய்தார்கள்.

சரோஜா: அப்புறம் இடமாற்றமும் தந்தார்கள். அதையும் சொல்லுங்கள்.

விமலா: அதைத்தான் அண்ணி நான் பயப்படுகிறேன்.

செல்வம்: பயம் நியாயம்தான். அதனால்தான் எப்படி எழுதுவது என்று அவனுக்குச் சொல்கிறேன். யார் மேலும் பழி போட வேண்டாம். எத்தனை மணி, எந்த இடம், என்ன எண்ணெய், சுமார் எவ்வளவு, எதுவரை போனது, எதனால் நின்றது, யாருக்கு எத்தனை மணிக்குச் சொன்னேன், இன்னும் என்ன பாக்கி. அவ்வளவுதான். பிட் தண்ணீரால் நிறைந்திருந்தது என்ற வரி மட்டும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த டேங்கருக்கும் அந்தப் பிட்டை யாரும் இறைக்க மாட்டார்கள்.

பாபு: அம்மா, பிரியாவுக்கு வளையலுக்குப் பணம் போட்டிருக்கிறேன். பார்த்தீர்களா?

சரோஜா: வந்தது. கண்ணாடி வளையல் தாய்மாமன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். இந்த முறை நாங்கள்தான் கொண்டுவருகிறோம்.

ரவி: நான் ஏற்கனவே சொல்லி வைத்துவிட்டேன் அண்ணி, பச்சையும் சிவப்பும்.

சரோஜா: அதெப்படி கேட்காமல்?

பிரியா: இரண்டு பேர் வளையலையும் போட்டுக்கொள்கிறேன்.

கதிர்: வந்துவிட்டேன். வடிகால் வால்வு பாதி திறந்திருந்தது. மூடிவிட்டேன், அதையும் சொல்லிவிட்டேன். இன்சார்ஜ் வந்து பார்த்தார். ஹைட்ரண்டைத் தொடவே கூடாது என்று அவரும் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் என்னோடு பேசுவதில்லை.

செல்வம்: வாய்க்காலில்?

கதிர்: முதல் தடுப்பில் பெரும்பாலும் நின்றுவிட்டது. இரண்டாவது தடுப்பில் மினுமினுப்பு மட்டும் தெரிகிறது. குழாய் வேலை செய்கிறது மாமா, அடியில் தெளிந்த தண்ணீர் போகிறது. சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து ஒருவர் வெளி மதகைப் பார்க்கப் போயிருக்கிறார்.

மல்லிகா: உப்பங்கழிக்குப் போயிருக்கிறதா?

கதிர்: அவர் திரும்பினால்தான் தெரியும் சித்தி.

மல்லிகா: இறால் தடவுகிறவர்களிடம் யாராவது சொன்னார்களா?

கதிர்: அது என் கையில் இல்லை சித்தி. இன்சார்ஜிடம் கேட்டேன். மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மல்லிகா: மறுபடியும் கேள்.

செல்வம்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, அவன் நேரே போகத் தேவையில்லை. ஆனால் வெளியே போயிருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். மல்லி கேட்பது சரி. கதிர், எண்ணெய் பட்ட மணலையும் மரத்தூளையும் சாம்பல் குட்டையில் கொட்டச் சொல்வார்கள். கூடாது. அது அபாயகரமான கழிவு. மூடி போட்ட டிரம்மில் தேதி எழுதி ஒட்டி, பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

விமலா: படிக்கவே மூச்சு வாங்குகிறது அண்ணா. கதிர், ஞாயிறு வருவாயா மாட்டாயா?

கதிர்: சனிக்கிழமை ஸ்டேட்மென்ட் கேட்பார்களாம். அது முடிந்தால் ராத்திரி ரயிலைப் பிடித்துவிடுவேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை அம்மா.

விமலா: அவன் ஒரே தம்பி.

பிரியா: அம்மா, அவன் முடிந்தால் வரட்டும். இல்லையென்றால் வீடியோ காலில் வரட்டும்.

ரவி: ஸ்டேட்மென்ட்டுக்கு நான் கூட வரவா? துணைக்கு.

செல்வம்: நீ வேண்டாம். கதிர், நீ எழுதியதை முதலில் எனக்குத் தனியாக வாசித்துக் காட்டு. கையெழுத்து?

கதிர்: நான் போட்டுவிட்டேன். இன்சார்ஜ் கையெழுத்துதான் பாக்கி. அளவு சரிபார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார். சூப்பர்வைசர் 10 லிட்டர் என்கிறார், நான் சுமார் 40 லிட்டர் என்று எழுதியிருக்கிறேன்.

செல்வம்: டேங்கர் ரசீதையும், நம் டேங்கில் கோல் விட்டுப் பார்க்கிற டிப் அளவையும் ஒப்பிடச் சொல். கையெழுத்து விழும்வரை கிளம்பாதே. பக்க எண்ணையும் நேரத்தையும் உன் டைரியில் குறித்துக்கொள்.

விமலா: ராத்திரி முழுக்க நின்றவன் அண்ணா.

கதிர்: கேன்டீனில் இட்லி சொல்லியிருக்கிறேன் அம்மா. மதகுக்குப் போனவர் வருகிறார், அப்புறம் பேசுகிறேன்.