நுகர்வுச் செலவுத் தரவு: என் சராசரி ஏன் அறிக்கையோடு ஒத்துவரவில்லை?

கேள்வி:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காக இந்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் மூலத் தரவை இறக்கினேன். கிராமப்புறத் தலா மாதச் செலவு அறிக்கையில் 3,773 ரூபாய். எனக்கு வேறு எண் வருகிறது. 2 வாரமாக மல்லுக்கட்டுகிறேன். வறுமையை அளக்க அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறையில் வந்த 2011-12 வறுமைக் கோட்டை (கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய்) விலைவாசிக்கேற்ப உயர்த்தி இதோடு ஒப்பிடலாமா?

பதில் 1:
வெயிட் போட்டீங்களா? ஒவ்வொரு மாதிரிக் குடும்பமும் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குப் பதிலா நிக்குதுன்னு தரவுல ஒரு எண் இருக்கும், அதுதான் மல்டிப்ளையர். அதை ஆள் எண்ணிக்கையாலும் பெருக்கணும். தலா செலவுன்னா 6 பேர் வீட்டை 6 தடவை எண்ணணும்.

பதில் 2:
நான் இந்தக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனவள். ஒரு திண்ணையில் ஒரு அம்மா, "ரேஷன் அரிசிக்குக் காசே குடுக்கலையே, அதை எதுக்கும்மா எழுதுற?" என்று கேட்டார். கிலோவை எழுதிக்கொண்டேன். இப்படி இலவசமாக வந்தவற்றுக்கு மதிப்புப் போட்டால் சராசரி 3,860 ஆகிறது. நீங்கள் எதை எடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.

816-ஐ அப்படியே உயர்த்தி ஒப்பிடாதீர்கள் தம்பி. அந்தக் கோட்டுக்கான நினைவுக்காலம், அதாவது கடந்த எத்தனை நாள் செலவைக் கேட்கிறோம் என்பது, வேறு. அப்போது ஒரே தடவை போய்க் கேட்டார்கள். 2022-23-இல் உணவு, அன்றாடப் பொருள், நீடித்த பொருள் என 3 தடவை. கேட்கும் விதம் மாறினாலே செலவு கூடித் தெரியும். ஏற்றத்தாழ்வுக்கும் கவனம் தேவை. குடிசையில் உட்காரவைத்துப் பேசுவார்கள். பெரிய பங்களாக்களில் எனக்குக் கதவே திறந்ததில்லை. பணக்காரர் செலவு இப்படி விடுபட்டால் ஏற்றத்தாழ்வு குறைவாகத் தெரியும்.

கேட்டவர்:
ஆள் எண்ணிக்கையைத்தான் விட்டிருக்கிறேன். இப்போது 3,773 வந்துவிட்டது. மிக்க நன்றி அக்கா.