மறு: பல்கலைக்கழகத் தலைவரின் ‘முன்னுரிமை அறிக்கை’ – மாற்றுச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்கள் முன்னாள் மாணவர்களுக்குத் தம் திட்டங்களைத் தெரிவித்து எழுதுவதை ‘முன்னுரிமை அறிக்கை’ என்றே வழங்கலாமே.

இதில் ‘அறிக்கை’, ‘முன்னுரிமை’ ஆகிய இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவர் கிறிஸ்டஃபர் ஐஸ்குரூபர் 2017 முதல் ஆண்டுதோறும், பல்கலைக்கழகம் எந்நிலையில் இருக்கிறது, அடுத்து எதில் கருத்தூன்றப் போகிறது என்பதை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் தன்மை இடத்தில், தம் பெயரிலேயே எழுதி வருகிறார். அரசியல் தலைவர்களும் இப்படித் தம் பெயரில் அறிக்கை வெளியிடுகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் அது ஊருக்கெல்லாம் பொதுவானது, மடலுக்கோ பெறுநர் உண்டு. இங்கே பெறுநர் வெறும் வாசகர் அல்லர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுக்களில் ஒன்றான, 30 பேர் கொண்ட மேற்பார்வையாளர் அவையை 1865 முதல் அங்குப் பட்டம் பெற்றவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நன்கொடையும் வாக்கும் உடையவர்களுக்குக் கணக்குச் சொல்லும் எழுத்தை ‘ஆண்டுமடல்’ என்பதே சரி.

‘முன்னுரிமை’தான் பெரிய சிக்கல். வேலைவாய்ப்பில் முன்னுரிமை, முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை என்றெல்லாம் நாம் நாள்தோறும் ஆளும் இச்சொல், ஒருவர் மற்றவரை முந்திப் பெறும் உரிமையைக் குறிக்கிறது. தலைவர் மடலில் இருப்பது உரிமை அன்று, அவர் முதலில் செய்து முடிக்க ஏற்றுக்கொண்ட வேலை. பிரின்ஸ்டன் 2016இல் வெளியிட்ட திட்ட வரைவு, இளநிலை மாணவர் எண்ணிக்கையை ஆண்டுக்கு 125 வீதம் நான்கு ஆண்டு வகுப்புகளிலுமாக 500 உயர்த்த வேண்டும் என்றது. அவர்களுக்கான இரண்டு புதிய உறைவிடக் கல்லூரிகள் (மாணவர் தங்கும் வளாகங்கள்) 2022இல் திறக்கப்பட்டன. இப்படி ஒன்று நிறைவேறியதும் பட்டியலிலிருந்து இறங்கிவிடும், அடுத்தது மேலேறும். உரிமை என்ற சொல்லில் இந்த முடிவுறும் தன்மை இல்லை, பணி என்ற சொல்லில் இருக்கிறது. எனவே ‘முதற்பணி’ என்பதை முன்மொழிகிறேன். ‘இவ்வாண்டின் முதற்பணிகள்’ என்று பன்மையிலும் தடையின்றி வரும்.

நெருக்கடியில் எழுதப்படுபவற்றை இதனுள் அடக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 14 அன்று ஹார்வர்டு தலைவர் ஆலன் கார்பர், தனியார் பல்கலைக்கழகம் எதைக் கற்பிக்க வேண்டும், யாரைச் சேர்க்க வேண்டும் என்று எந்த அரசும் கட்டளையிடக் கூடாது என எழுதியதும் மடலே. ஆனால் அது ஆண்டுமடல் அன்று, அதில் முதற்பணிப் பட்டியலைத் தேடுவதும் பொருந்தாது.

‘தலைவர்’ என்பதைத் ‘துணைவேந்தர்’ என்று மாற்றலாமா என்ற கேள்விக்கு: பிரின்ஸ்டன், ஹார்வர்டு ஆகியவற்றில் அப்பதவிக்கு மேலே வேந்தர் என ஒருவர் இல்லாததால், ‘தலைவர்’ என்றே இருக்கட்டும். இலங்கை நண்பர்கள் ‘பழைய மாணவர்’ என்பதையே வழங்குவதால், நம் சொல் தொகுப்பில் அதையும் ‘முன்னாள் மாணவர்’ என்பதோடு இணையாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

அன்புடன்