ஐஸ் ஃபிஷிங்குக்கு எட்டுச் சில்லு வண்டி (தண்ணியிலயும் மிதக்கிறது) வாங்கலாமோ? சிம்கோ ஏரி

வல்வைத்தோணி

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருசமா ஒன்ராறியோவில இருக்கிற சிம்கோ ஏரிக்கு ஐஸ் ஃபிஷிங்குக்கு (உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறது) போறன். பெஃபர்லோக் கரையில இறங்கி பேர்ச் மீன் பிடிக்கிறதுதான் கூட. இவ்வளவு நாளும் நடைதான். ஓகர் (ஐஸில ஓட்டை போடுற துரப்பணம்), கூடாரம், ஹீட்டர் எல்லாத்தையும் ஸ்லெட்டில கட்டி ஒண்டரைக் கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு போவன்.

இந்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக வேணும். 73 வயசு. வல்வெட்டித்துறையில நாப்பது வருசம் கடலுக்குப் போன மனுசன். இஞ்ச பதினோராம் மாடியில இருந்து யன்னலால வாகனங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறார். போன மாசி நான் கொண்டு வந்த பேர்ச்சைக் கையில தூக்கி, செவுளை விரிச்சுப் பாத்துப்போட்டு, "ஐஸுக்குக் கீழ நீரோட்டம் இருக்கோ? மீன் எந்தப் பக்கம் தலை வைச்சு நிக்கும்?" எண்டு கேட்டார். எனக்குப் பதில் தெரியேல்லை. அவரே வந்து பாக்கட்டும் எண்டு அண்டைக்கே நினைச்சுப்போட்டன்.

ரெண்டு முழங்காலும் ஒப்பரேசன் செய்தது. ஸ்னோமொபீல்ல (ஸ்னோவில ஓடுற மோட்டார் சைக்கிள் மாதிரி) காலை அகட்டி ஏற ஏலாது. நியூ ஹாம்பேர்க்கில செய்யிற ஆர்கோ எண்ட வண்டி ஒண்டு, எட்டுச் சில்லு, சில்லைச் சுத்திப் போடுற ரப்பர் ட்ராக்கோட, பாவிச்சது, 14,500 டொலருக்குக் கிடக்கு. வாங்கு மாதிரிச் சீற் இருக்கு, அப்பா இருந்துகொண்டு வரலாம். தண்ணியில மிதக்கிறபடியா ஐஸ் உடைஞ்சாலும் பயமில்லை எண்டு விக்கிறவர் சொல்லுறார். அது உண்மையோ? ஓடின ஆக்கள் சொல்லுங்கோ.

பீவர்ட்டன்கரை

தம்பி, உதே மாதிரி எட்டுச் சில்லு வண்டி ஒண்டை அஞ்சு மாரி வைச்சிருந்தனான். மிதக்கும் எண்டது உண்மை. ஆனா மிதக்கிறது வேற, திரும்பி ஐஸில ஏறுறது வேற.

மார்ச் தொடக்கத்தில ஒரு பின்னேரம், காலமை கடந்து போன அதே பிளவுக்குப் பக்கத்தில முன்சில்லு இறங்கிட்டுது. வண்டி வள்ளம் மாதிரி மிதந்துகொண்டு நிண்டது, எஞ்சினும் நிக்கேல்லை. சில்லுதான் தண்ணியைத் துழாவித் தள்ளும். மணிக்கு நாலஞ்சு கிலோமீற்றருக்கு மேல போகாது. அந்த வேகத்தோட போய் விளிம்பில முட்டினா மூக்கு ஏறும், பாரம் பட்டவுடன விளிம்பு நொருங்கும், திரும்பத் தண்ணிக்கை. நாப்பது நிமிசமா ஐஸை உடைச்சு உடைச்சு எங்களுக்கு நாங்களே வாய்க்கால் வெட்டினம். கடைசியில ஸ்னோமொபீல்ல பின்னால வந்த சிநேகிதன் தூரத்தில நல்ல ஐஸ் பாத்து நிண்டு, ஓகரால ஓட்டை போட்டு, நடுவில கயிறு கட்டின பலகைத் துண்டை ஓட்டைக்குள்ளால கீழ விட்டுக் குறுக்கால மாட்டினான். அந்தக் கயிற்றில எங்கட வண்டியின்ர வின்ச்சை (கம்பியைச் சுத்தி இழுக்கிற மெசின்) கொளுவித்தான் வெளியில வந்தனாங்கள். தனியப் போயிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு இண்டைக்கும் நினைக்க நெஞ்சு பதறும்.

அதோட முடியேல்லை. முந்தின தடவை கழுவின பிறகு வண்டியின்ர அடி மூடியை நான் வடிவா இறுக்கேல்லை. உள்ளுக்குத் தண்ணி வந்திட்டுது. கரைக்கு வந்து அரை மணித்தியாலத்தில ட்ராக்கும் பிறேக்கும் உறைஞ்சு ஒண்டும் அசையேல்லை.

பாரத்தையும் யோசி. வெறும் வண்டியே அரைத் தொன்னுக்குக் குறையாது. ட்ராக், நீங்கள் ரெண்டு பேர், சாமான் எல்லாம் சேர்ந்தா ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். தெளிஞ்ச நீல ஐஸ் எண்டா நடக்க 10 சென்ரிமீற்றர், ஸ்னோமொபீலுக்கு 15, சின்னக் காருக்கு 20 தொடக்கம் 30 எண்டு சொல்லுறது. இந்த வண்டியைக் கார்க் கணக்கில வை. வெள்ளை ஐஸ் பாதிப் பலம்தான், தடிப்பு ரெண்டு மடங்கு வேணும். சாம்பல் நிறமா இருந்தா நடக்கவே கூடாது. மற்றது, தரையில ஏத்திற பாரத்தைத் தண்ணியில ஏத்த ஏலாது. ரெண்டு கணக்கும் வண்டியில ஒட்டியிருக்கும், பார்.

நல்லதையும் சொல்ல வேணும். ஸ்னோ கனக்கக் கொட்டினா அந்தப் பாரத்தில ஐஸ் தாழும், வெடிப்பாலை தண்ணி மேல வந்து ஸ்னோவுக்குக் கீழ சேறு மாதிரி நிக்கும். அதில ஸ்னோமொபீல் புதைஞ்சு எத்தினை பேர் நாரி முறிய இழுத்ததைக் கண்டனான். ட்ராக் போட்ட எட்டுச் சில்லு அதுக்கு மேலால போகும். ஆனா இந்த வகை வண்டிக்கு வில்லு எண்டு ஒண்டும் இல்லை, காத்துக் குறைஞ்ச டயர்தான் மெத்தை. கட்டியாப் போன ஐஸ் மேட்டில குலுக்கும். ஒப்பரேசன் செய்த முழங்காலோட அப்பா எவ்வளவு தூரம் தாங்குவார் எண்டு முதலில பார்.

பரி_நேர்ஸ்

வல்வைத்தோணி அண்ணா, நான் அவசர சிகிச்சைப் பிரிவில வேலை செய்யிறன். வண்டியைப் பற்றித் தெரியாது, குளிர்த் தண்ணியைப் பற்றித் தெரியும்.

மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில கோர்டன் கீஸ்பிறெக்ற் எண்ட பேராசிரியர் கன வருசம் தானே குளிர்த் தண்ணிக்குள்ள இறங்கி ஆராய்ஞ்சவர். 1-10-1 எண்டு அவர் சொல்லிக் குடுத்ததை இஞ்ச எல்லா இடமும் படிப்பிக்கினம். விழுந்த முதல் ஒரு நிமிசம் மூச்சு இழுத்து இழுத்து வரும், அதை அடக்க வேணும். பிறகு பத்து நிமிசம்தான் கை கால் சொன்னதைக் கேக்கும். உடம்பு குளிர்ந்து மயங்க ஒரு மணித்தியாலம் மட்டில எடுக்கும். குளிராலை சாக முதலே கனபேர் அந்த முதல் நிமிசத்தில தண்ணி குடிச்சுத்தான் தாழினம். 73 வயசில அந்த அதிர்ச்சி இதயத்துக்குப் பெரிய பாரம். அப்பாவின்ர இதய டொக்ரரை ஒருக்காக் கேக்காமல் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

எந்த வண்டியில போனாலும் ரெண்டு பேரும் மிதக்கிற சூட் போடுங்கோ. ஐஸ் குத்தூசி (விழுந்தா விளிம்பில குத்திப் பிடிச்சு ஏறுறதுக்கு) கழுத்தில தொங்க வேணும், பையுக்குள்ள இல்லை.

கெஸ்விக்_கண்ணன்

வாங்க முதல் ஒரு நாள் ஹட் (ஐஸுக்கு மேல வைச்சிருக்கிற சின்னக் கொட்டில்) வாடகைக்கு எடுத்துப் பாருங்கோ அண்ணை. சிம்கோவில ஹட் விடுற ஆக்கள் பழைய பொம்பார்டியர் பி-12 எண்ட ஸ்னோவில ஓடுற வண்டியில கரையில இருந்து ஹட் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவினம். மூடின வண்டி, வாங்கில இருந்துகொண்டு போகலாம். ஓட்டை அவையே போட்டு வைப்பினம், உள்ளுக்குச் சூடு. ஒவ்வொரு நாளும் ஐஸ் அளக்கிறதும் அவைதான். ரெண்டு பேருக்கு ஒரு நாள் வாடகையையும் 14,500ஐயும் ஒருக்காப் பிரிச்சுப் பாருங்கோ.

2023-24 மாரியையும் மறக்காதேங்கோ. கனடா கண்ட ஆகச் சூடான மாரி அது. உப்பிடி ஒரு வருசம் வந்தா வண்டி கராஜிலதான் நிக்கும்.

வல்வைத்தோணி

பீவர்ட்டன்கரை அண்ணை, உங்கட கதையை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். பலகையைக் குறுக்கால விட்டதைத் திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னார். "மண்ணிலை நங்கூரம் பிடிக்காட்டி நாங்களும் உதைத்தான் செய்யிறது" எண்டார். பிறகு, "மிதக்கும் எண்டு சொல்லிக் கடலுக்குப் போறவன் இல்லை, திரும்பி வாறதுக்கு வழி பாத்துத்தான் போறது" எண்டும் சொன்னார். அதோட வண்டி வாங்கிற கதை இந்த வருசம் இல்லை.

தங்கச்சி, டொக்ரருக்குப் போன கிழமை ஃபோன் பண்ணினன். வாற செவ்வாய் பாக்கிறார். அவர் ஓம் எண்டா மாசி நடுவில குக்ஸ் பே பக்கம் ஒரு ஹட் எடுக்கிறன். ஆழம் குறைஞ்ச இடம், முதல் உறையிறதும் அங்கதானே. சூட் ரெண்டும் வாங்கியாச்சு. அப்பா அதைப் போட்டுக்கொண்டு நேற்று வீட்டுக்குள்ள நடந்து பாத்தவர்.

ஒரு கேள்வி மட்டும். அப்பா றொட் வேண்டாமாம். நூலைக் கையிலதான் பிடிப்பன், மீன் தட்டுறது விரலுக்குத் தெரிய வேணும் எண்டு நிக்கிறார். கையுறை போட்டா தெரியாது, கழட்டினா விரல் விறைக்கும். என்ன செய்யலாம்?

பீவர்ட்டன்கரை

ஹட்டுக்குள்ள சூடு இருக்கிறபடியா வெறுங்கையால பிடிக்கலாம், பயமில்லை. மெல்லிய நூல் விரலை வெட்டும். மேல தடிச்ச நூல், கீழ கடைசி ஒண்டரை மீற்றருக்கு மட்டும் மெல்லிசு கட்டிக் குடு. பேர்ச் மெத்தெண்டுதான் தட்டும், ஈயம் சின்னனாப் போடு. பக்கத்தில ஒரு துவாய் வை, ஈரக் கையை அடிக்கடி துடைக்கச் சொல்லு. நீரோட்டக் கேள்விக்கு அப்பா என்ன பதில் கண்டுபிடிச்சவர் எண்டு வந்து கட்டாயம் எழுது.