பாட்டனார் எழுதிய ஒத்தி: முப்பது ஆண்டு கடந்தால் நிலம் போய்விடுமா?

கேள்வி (நெல்லை வாசகர்):
எங்கள் பாட்டனார் 1964-இல் தமது நஞ்சை 84 சென்ட்டை 2,000 ரூபாய்க்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் சுவாதீன ஒத்தியாகப் பதிவு செய்து கொடுத்தார். வட்டிக்குப் பதிலாக அவர் மகசூலை அனுபவித்துக்கொள்வது, முதலைக் கொடுத்ததும் நிலத்தை விடுவது என்பதே ஏற்பாடு; கெடு எதுவும் இல்லை. என் தந்தை அந்த வரப்பைக் கடக்கும்போதெல்லாம் "இது நம்ம வயல்" என்று காட்டிக்கொண்டே இருந்து, மீட்காமலேயே காலமானார். இப்போது தொகையோடு சென்றால், பட்டா தம் பெயருக்கு வந்துவிட்டதாகவும், முப்பது வருடம் கடந்ததால் எங்களுக்கு உரிமையே இல்லை என்றும் ஒத்திக்காரரின் பேரன் சொல்கிறார். இது சரிதானா?

பதில் (வழக்கறிஞர், மதுரை):
அவர் சொல்லும் முப்பது ஆண்டு, 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 61-ஆவது இனத்தில் இருப்பதுதான்; ஆனால் அந்தக் காலம் மீட்கும் உரிமை எழும் நாளிலிருந்து ஓடத் தொடங்குமே தவிர, பத்திரம் எழுதிய நாளிலிருந்து அல்ல. சுவாதீன ஒத்தியில், சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி, கடன் மகசூலாலோ பணத்தாலோ தீரும்போதுதான் சுவாதீனத்தைத் திரும்பப் பெறும் உரிமை எழுகிறது. 2014-இல் சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, முப்பது ஆண்டு கழிந்தது என்ற ஒரே காரணத்தால் ஒத்தி வாங்கியவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று தெளிவுபடுத்தியது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே. ஒத்தியாக நுழைந்தவருக்கு அது உரிமை மூலம் ஆகாது. அவர் பணத்தை வாங்க மறுத்தால், 83-ஆவது பிரிவின்படி நீதிமன்றத்தில் செலுத்திவிட்டு மீட்பு வழக்குத் தொடரலாம்.

பதில் (ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்):
வழக்கறிஞர் சொன்னது அந்தப் பத்திரம் உண்மையில் ஒத்தியாக இருந்தால்தான் பொருந்தும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் "ஒத்தி" என்று வாயால் சொல்லிக்கொண்டு, கையில் கிரயப் பத்திரமும், திருப்பி எழுதித் தருவதாகத் தனியாக ஓர் உடன்படிக்கையும் வைத்திருந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லாவிட்டால் அதை அடமானமாகக் கருத முடியாது. எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர எண்ணைக் கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்கி, வாசகத்தை வரிவரியாகப் படியுங்கள். வில்லங்கச் சான்றையும் 1964 முதலே கேளுங்கள். ஒத்திக்காரர் நிலத்தை வேறு யாருக்காவது விலைக்கு விற்றிருந்தால், அந்த விற்பனை உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுதான் அவகாசம்.

கேள்வி கேட்டவர்:
நகல் கிடைத்துவிட்டது. "சுவாதீன ஒத்தி" என்றும், முதலைச் செலுத்தும்போது நிலத்தை ஒப்படைப்பதாகவும் அதே பத்திரத்தில் உள்ளது. வில்லங்கத்தில் விற்பனை எதுவும் இல்லை. என் இரண்டு அத்தைமார் உயிருடன் இருக்கிறார்கள். நான் என் பங்கை மட்டும் மீட்கலாமா?

பதில் (வழக்கறிஞர், மதுரை):
முடியாது. பங்குக்குரிய தொகையை மட்டும் கொடுத்து ஒரு பகுதியை மீட்க சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. முழுத் தொகையையும் செலுத்தி முழு நிலத்தையும் நீங்கள் மீட்கலாம், பாகம் பிரிப்பது அதன் பிறகு. அத்தைமாரை வாதிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒப்பாவிட்டால் பிரதிவாதிகளாகவாவது காட்டுங்கள், இல்லையேல் தேவையான தரப்பினர் விடுபட்டனர் என்ற எதிர்வாதத்திலேயே வழக்கு சிக்கிக்கொள்ளும்.