வாரா வாரம் சுடுவதற்குப் பழைய ரிவால்வரா, புதியதா?

புதுவரவு: .357 மேக்னம் என்ற வலிமையான தோட்டா போடும் ரிவால்வர் ஒன்று வாங்கி வாரந்தோறும் சுடுதளத்தில் சுட ஆசை. கோல்ட் (Colt) நிறுவனத்தின் பழைய பைத்தானா, 2020-இல் மறுபடி வந்ததா?

பழைய இரும்பு: பழையதுதான் தம்பி. 1955-இல் வந்த அந்த பைத்தானின் உள்பாகங்களைக் கையால் தேய்த்துப் பொருத்தினார்கள். டிரிகரின் அந்த வழுவழுப்பு புதியதில் இல்லவே இல்லை.

குறிமுள்: வழுவழுப்பை நானும் மறுக்கவில்லை அண்ணா. ஆனால் வாரா வாரம் என்கிறார், அங்கேதான் இடிக்கிறது. பழைய பைத்தானில் டிரிகரை முழுக்க அழுத்தியதும் தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டரைச் சுழற்றும் சிறு நெம்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். துல்லியத்துக்குக் காரணமே இந்த இறுக்கம்தான் என்று புகழ்வார்கள். ஆனால் ஒவ்வொரு வெடியின் அதிர்வையும் அந்தச் சின்னப் பாகம்தான் தாங்குகிறது. அது தேய்ந்தால் டைமிங் போய்விடும். சிலிண்டர் அறை பேரலுக்கு நேராக நிற்காது, ஈயச் சீவல் பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் இப்போது குறைவு. புதியதில் பாகங்கள் குறைவு, பின்பக்கக் குறிக்குக் கீழே உலோகமும் தடிமன்.

பழைய இரும்பு: எப்போதும் மேக்னம் போடச் சொன்னது யார்? இன்னொரு .357 ரிவால்வரான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 உருவாகத் தூண்டுதலாக இருந்தவர் அமெரிக்க எல்லைக் காவல் அதிகாரி பில் ஜோர்டன். பயிற்சிக்கு அதே துப்பாக்கியில் போடக்கூடிய வலுக்குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டா, பணியில் மட்டும் மேக்னம் என்பதுதான் அந்தத் துப்பாக்கியின் கணக்கு. அப்படிச் சுட்டால் பழையது தலைமுறைக்கும் வரும்.

குறிமுள்: அந்தக் கணக்கு மாறியதும் என்ன ஆனது? மாடல் 19-இல் இடம் போதாமல் பேரலின் பின்முனை அடியைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடையுள்ள மேக்னம் குண்டுகளை நிறையச் சுட்டபோது அங்கேதான் விரிசல் விட்டது. 1980-களின் தொடக்கத்தில் பெரிய சட்டகத்தோடு அதே நிறுவனத்தின் மாடல் 686 வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய இரும்பு: சரி, 686 நல்ல துப்பாக்கிதான். 1980-களில் செய்ததையே தேடி வாங்கட்டும். இப்போது வரும் பலவற்றில் பக்கவாட்டில் சாவிப் பூட்டுத் துளை இருக்கிறது. வேலை செய்யும் பொறிக்குள் வேண்டாத பாகம் எதற்கு?

குறிமுள்: பூட்டு எனக்கும் பிடிக்காது. ஆனால் பழையதை வாங்கினால் சோதிக்காமல் வாங்காதீர்கள். காலி என்று உறுதிசெய்தபின் சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டு சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் செய்யுங்கள். ஓர் அறை பிந்தினாலும் விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.