மாத்திரை ஆரம்பித்த பிறகு தேமல் சிவந்து வீங்குகிறது, கையில் பிடி குறைகிறது. நிறுத்தலாமா?

குடியாத்தத்தான் (கேள்வி):

வணக்கம். எங்கள் நைனாவுக்கு 58 வயது. குடியாத்தத்தில் கைத்தறியில் லுங்கி நெய்கிறார். முதுகிலும் வலது கையிலும் வெளிறிய தேமல் இருந்தது, தொட்டால் தெரியாது, வலியும் இல்லை, அதனால் இரண்டு வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்று மாதம் முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துத் தொழுநோய் என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். மாதம் ஒருமுறை அங்கேயே விழுங்க வேண்டும், மற்ற நாளுக்கு அட்டையை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது அட்டை ஓடும்போதுதான் பிரச்சினை. சும்மா கிடந்த தேமலெல்லாம் சிவந்து தடித்துவிட்டது, தொட்டால் சூடு. முழங்கையின் உள்பக்கம் லேசாக இடித்தாலே சுண்டுவிரல் வரைக்கும் சுரீர் என்று ஓடுகிறதாம். போன வாரத்திலிருந்து தறிக்கயிறு இழுத்தால் பிடி நிற்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டால், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, முதலில் அதை ஏற்றணும் என்று ஒரு டானிக்கும் பொடியும் கொடுத்தார்கள். மூன்று நாளாக அட்டையைத் தொடவில்லை. அத்தை வேறு அவருக்குத் தனித்தட்டு வைக்கிறார். நாங்கள் செய்வது சரியா?

பாலாற்றுக்காரர்:

தம்பி, இதைப் படித்த உடனே முதல் வேலையாக அட்டையை மறுபடி ஆரம்பி, நாளைக்குக் காலையிலேயே நைனாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. மாத்திரை கொடுத்த இடத்துக்கே போகலாம், இல்லையென்றால் கரிகிரி உங்களுக்குப் பக்கம்தான், 1955லிருந்து இந்த நோயைப் பார்க்கிற இடம். நான் வட ஆற்காட்டில் தொழுநோய்ப் பிரிவில் மருத்துவம் சாரா மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீ சொல்வதைப் பார்த்தால் ரியாக்ஷன் மாதிரி இருக்கிறது, அதாவது கிருமியை எதிர்த்து உடம்பே திடீரென்று கிளம்புவது. மாத்திரை ஒவ்வாமை இப்படி வராது, நோய் ஏறினாலும் இப்படித் திடீரென்று சிவக்காது.

எதிர்ப்புச் சக்தி இல்லை என்று கடைக்காரர் சொன்னது தலைகீழ். இந்தக் கிருமி நரம்பைச் சுற்றியுள்ள உறை செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிற சோம்பேறிக் கிருமி அது, வருஷக்கணக்கில் உடம்புக்குச் சத்தமே கேட்காது. பெரும்பாலானவர்களுக்கு இதை விரட்டுகிற சக்தி பிறவியிலேயே உண்டு, அதனால்தான் ஊரில் எல்லோருக்கும் வருவதில்லை. நோய் வந்தவர்களிலும் எதிர்ப்பு வலுவாக இருந்தால் ஒன்றிரண்டு தேமலோடு நிற்கும், எதிர்ப்பே இல்லையென்றால் உடம்பு பூராவும் பரவும். உங்கள் நைனா மாதிரி நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். மாத்திரை கிருமியைக் கொல்ல ஆரம்பித்ததும் இத்தனை நாள் தூங்கிய எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு, கிருமி இருந்த இடத்தையெல்லாம் தேடிப்போய் அடிக்கிறது. தோலில் அடித்தால் சிவக்கும், வீங்கும், பிறகு வற்றிவிடும், அது பெரிய விஷயமில்லை. நரம்புக்குள் அடித்தால்தான் ஆபத்து. முழங்கையில் அந்த நரம்பு எலும்பை ஒட்டிக் குறுகலான சந்தில் போகிறது. வீங்க இடமில்லாமல் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பலம் இழப்பது அதனால்தான்.

அதனால் இப்போது வேண்டியது எதிர்ப்பைக் கொஞ்ச நாள் அடக்குகிற மருந்து, பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டெராய்டு. பல மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கிருமி மாத்திரையும் கூடவே ஓட வேண்டும். பலம் குறைந்து ஆறு மாதத்துக்குள் ஆரம்பித்தால் நரம்பு திரும்புகிற வாய்ப்பு நன்றாக இருக்கும், தள்ளிப்போனால் விரல் மடங்கியபடியே நின்றுவிடும். மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1940களின் கடைசியிலேயே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் செய்து காட்டினார், அது இன்றைக்கும் உண்டு. ஆனால் ஒரு நெசவாளியின் கையை அதுவரைக்கும் போக விடாதே தம்பி.

அந்த டானிக், பொடி இரண்டையும் தள்ளி வை. தனித்தட்டும் வேண்டாம், அட்டையில் இருக்கிற ரிஃபாம்பிசின் என்கிற கிருமி மருந்து உள்ளே போன கொஞ்ச நாளிலேயே அவரிடமிருந்து பரவுவது நின்றிருக்கும்.

ஆம்பூர் அக்கா:

ஐயா சொன்னதை அப்படியே கேளுங்க தம்பி. எனக்கும் இந்த வியாதி வந்து போனது, ஷூ கம்பெனியில் தையல் வேலை, இன்றைக்கும் அதே மிஷினில்தான் உட்காருகிறேன். எனக்கு வந்த ரியாக்ஷன் வேறு வகை. காய்ச்சலும், கை கால் முழுக்க அழுத்தினால் உயிர் போகிற சிவந்த முடிச்சுகளும். அதுவும் எப்போது தெரியுமா, பன்னிரண்டு அட்டையும் முடித்து எட்டு மாதம் கழித்து. நோய் திரும்பி வந்துவிட்டது என்று அழுதே தீர்த்தேன். செத்த கிருமியின் மிச்சம் உடம்பில் நாள்பட இருக்கும், உடம்பு அதோடு சண்டை போடுகிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் தூக்கம் வந்தது. அதனால் நைனாவுக்கு மாத்திரை முடிந்தாலும் இரண்டு மூன்று வருஷம் கண் வைத்திருங்கள். கண்ணை முழுசாக மூட முடியவில்லை, பாதம் இழுக்கிறது என்றால் அன்றைக்கே போகணும்.

இன்னொன்று, ஸ்டெராய்டு சாப்பிட்டு வலி போனதும் நன்றாகிவிட்டது என்று நானாக நிறுத்தினேன். இரண்டே வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. அவர்கள் சொல்கிற நாள் வரைக்கும் சாப்பிடட்டும்.

குடியாத்தத்தான்:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. இன்று போய் வந்தோம். ரியாக்ஷன்தான். சுண்டுவிரலை வெளிப்பக்கம் விரித்துப் பிடிக்கச் சொல்லி டாக்டர் தன் விரலால் தள்ளிப் பார்த்தார், இடது கை தாக்குப்பிடித்தது, வலது கை அப்படியே போய்விட்டது. நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் உள்ளங்கையில் குத்தினார்கள், சுண்டுவிரல் பக்கம் நைனாவுக்குத் தெரியவே இல்லை, அதைப் பார்க்க எனக்குத்தான் கலங்கிவிட்டது. 40 மில்லிகிராம் ஸ்டெராய்டு ஆரம்பித்திருக்கிறார்கள். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அடுத்த வாரம் மறுபடி ரத்தம் பார்க்கணும். அம்மாவுக்குத் தேமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தடுப்புக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தார்கள். அத்தையிடமும் பேசிவிட்டேன், இன்று ராத்திரி ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். தறியில் எப்போது உட்காரலாம் என்று நைனா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பாலாற்றுக்காரர்:

நல்ல காரியம் செய்தாய். வலி அடங்கும் வரைக்கும் அந்தக் கைக்கு ஓய்வு, தூளி மாதிரி துணி கட்டித் தொங்கவிடு. வலி அடங்கினதும் விரலுக்கு என்ன பயிற்சி என்று பிசியோதெரபியில் சொல்லித்தருவார்கள், தறியை அவர்களிடம் கேட்டுவிட்டே தொடட்டும். உட்காருகிற இடத்தில் முழங்கையை எதன் மேலும் ஊன்ற வேண்டாம். அப்புறம் சுண்டுவிரல் பக்கம் சூடு தெரியாது இல்லையா, டீ டம்ளரை இடது கையில் வாங்கச் சொல்.