பரணில் தண்ணீர்த் தொட்டி போய்விட்டது; அதைத் தாங்கிய கட்டைகளையும் எடுத்துவிடலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் சாய்வுக் கூரையின் அடியிலுள்ள பரணில் 230 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தது. குழாய்நீர் போதிய அழுத்தத்துடன் நேரடியாக வரத் தொடங்கியபின் அதற்கு வேலை இல்லாமற்போனதால், பிளம்பர் இணைப்புகளைத் துண்டித்துத் தொட்டியை இறக்கிவிட்டார். அது நின்ற மேடை மட்டும் அப்படியே இருக்கிறது. நான்கு ட்ரஸ்களின் (கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டங்களின்) அடிவிட்டங்களுக்குக் குறுக்கே இரண்டு கனத்த கட்டைகள், அவற்றின்மேல் குட்டைக் கட்டைகள் மூன்று, அதற்கும் மேல் ஒரு பிளைவுட் பலகை என்று அடுக்கியிருக்கிறார்கள். மேடையின் ஓரத்தை ஒட்டிச் சாய்வாக எழும் கட்டை ஒன்று கைமரத்தில் ஆணியடிக்கப்பட்டுள்ளது. அவ்விடத்தில் சில பெட்டிகளை வைக்க விரும்புகிறேன். எல்லாவற்றையும் கழற்றினால் கூரைக்குக் கேடு வருமா? கீழே படுக்கையறையின் சீலிங் இருப்பதால் தயக்கமாக உள்ளது.

பதில் 1:
230 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 230 கிலோ. அவ்வளவு பாரமும் ஓரிரு விட்டங்களின் நடுவில் அழுந்தித் தொய்வு உண்டாக்காமல், பல ட்ரஸ்களுக்குப் பகிர்ந்து, கட்டைகள் ஒன்றுகூடும் முடிச்சுகளின் அருகே இறக்குவதுதான் அந்த மேடையின் வேலை. பாரம் போனபின் பலகையும், குட்டைக் கட்டைகளும், அவற்றைத் தாங்கும் இரண்டு கனத்த கட்டைகளும் தேவையில்லை. ஆனால் அந்தக் கனத்த கட்டைகள் நான்கு ட்ரஸ்களோடு முடிந்துவிடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். கூரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடினால் அவை ட்ரஸ்களை ஒன்றோடொன்று பிணைப்பவை, தொடக்கூடாது. இரு முகங்களிலும் பல்லுள்ள இரும்புத் தகடு பதித்த கட்டைகள் ட்ரஸ்ஸின் உறுப்புகள் என்பதால் அவற்றையும் தொடாதீர்கள். ஆணி மட்டும் அடித்திருப்பதாலேயே ஒரு கட்டை பிற்சேர்க்கை என்று முடிவு கட்டிவிட முடியாது, ஏனெனில் பிணைப்புக் கட்டைகளுக்கும் ஆணிதான். எனக்கு ஐயம் தருவது நீங்கள் சொல்லும் சாய்வுக் கட்டை. அதன் அடிப்பகுதி எங்கே போய் நிற்கிறது?

பதில் 2:
எடுப்பது என்று முடிவானால், தயவுசெய்து அடியிலிருந்து சுத்தியலால் தட்டிக் கிளப்பாதீர்கள். சீலிங் அந்த விட்டங்களின் அடிப்பக்கத்தில்தான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் பூச்சில் விரிசல் ஓடும், பலகைச் சீலிங்காக இருந்தால் ஆணித்தலைகள் பிதுங்கி வெளியே தெரியும். கட்டைக்கும் விட்டத்துக்கும் நடுவே மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகி நூலிழை இடைவெளி உண்டாக்கிக்கொண்டு, ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்து, அந்த இடைவெளியில் விட்டு ஆணியை அறுத்துவிட்டால் கட்டை அசைவின்றிக் கையோடு வந்துவிடும். விட்டத்தில் நிற்கும் மீதி ஆணியை அப்படியே விட்டுவிடலாம். வேலை செய்யும்போது விட்டங்களின்மேல் பலகை போட்டு அதில்தான் இருக்க வேண்டும். இரு விட்டங்களுக்கு நடுவே கால் வைத்தால் படுக்கையறையில்தான் இறங்குவீர்கள். பழைய மேடைகளின் பக்கவாட்டில் மின்கம்பிகளைக் கிளிப் போட்டு ஓட்டியிருப்பது வழக்கம் என்பதால், ரம்பத்தை எடுக்குமுன் சுற்றிலும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.

பதில் 3:
ஏன் எடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி. சாதாரண ட்ரஸ்களின் அடிவிட்டங்கள் சீலிங்கையும் சிறிதளவு பொருளையும் தாங்கும் கணக்கில்தான் செய்யப்படுகின்றன. பாரத்தைப் பகிர்ந்தளிக்கக் கட்டிய மேடையைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் வெறும் விட்டங்களின்மேல் பெட்டிகளை அடுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்டிகளை மேடைமேலேயே வையுங்கள். பிரித்தே தீருவீர்கள் என்றால் அடியில் வெப்பக்காப்புப் பஞ்சு இருக்கிறதா என்று கவனியுங்கள். குளிர்காலத்தில் தொட்டிநீர் உறையாமலிருக்க வீட்டின் வெப்பம் ஏறட்டும் என்று அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விடுவது வழக்கம். இனி அங்கும் பஞ்சைப் பரப்ப வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. விளக்குடன் ஏறிப் பார்த்தேன். கனத்த கட்டைகள் இரண்டும் நான்கு ட்ரஸ்களோடு முடிந்துவிடுகின்றன. சாய்வுக் கட்டையோ மேடையில் நிற்கவில்லை. அதன் பின்புறமாகவே இறங்கி, கைமரங்களின் அடிப்பக்கத்தைக் குறுக்காகக் கடந்து சுவர்த்தலைவரை போகிறது. எதிர்ச் சரிவிலும் அதேபோல ஒன்று உள்ளது. மேடையின் குட்டைக் கட்டை ஒன்றைத்தான் அதில் ஆணியடித்து இணைத்திருக்கிறார்கள்.

பதில் 1:
அப்படியென்றால் அது காற்றின் தள்ளலில் ட்ரஸ்கள் வரிசையாகச் சாய்ந்துவிடாமல் பிடித்திருக்கும் மூலைவிட்டப் பிணைப்பு. மேடை போனாலும் அது இருந்தே ஆக வேண்டும். அதோடு இணைந்த குட்டைக் கட்டையின் ஆணியை நெம்பாமல் அறுத்தெடுங்கள். பிறகு அந்தப் பிணைப்பு ஒவ்வொரு கைமரத்திலும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, ஆட்டம் கண்ட இடங்களில் மட்டும் புதிய ஆணியோ திருகாணியோ போடுங்கள்.